அமெரிக்கக் கிரீன் கார்டு வரிசை: முன்னுரிமைத் தேதி, விசா புல்லட்டின், காத்திருப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக உறவினர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் அமெரிக்கக் குடியேற்றப் படிவங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். கல்யாணப் பந்தியிலும் துக்க வீட்டு வாசலிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நிரந்தரக் குடியேற்ற விசாவுக்கான காத்திருப்பைப் பற்றி மட்டுமே இதில் பேசுகிறேன். ஆண்டு ஒதுக்கீட்டு எண்ணிக்கைகள் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தவை. விசா புல்லட்டின் என்கிற மாதாந்தர அறிவிப்பின் தேதிகள் 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி தரப்பட்டவை. அவை மாதந்தோறும் மாறக்கூடியவை.

"அக்கா போட்ட மனு அப்ரூவ் ஆகியே அஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் ஏன் விசா வரலை?"

மனு ஏற்கப்படுவதும் விசா கிடைப்பதும் இரு வேறு காரியங்கள். உங்கள் அக்கா தாக்கல் செய்த ஐ-130 மனுவைப் பார்க்கும் அதிகாரி, அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரா, நீங்கள் உண்மையிலேயே அவருடைய உடன்பிறந்தவரா என்பதைத்தான் முதன்மையாகச் சரிபார்க்கிறார். அது உறுதியானதும் ஒப்புதல் கடிதம் வருகிறது. ரேஷன் கடையில் டோக்கன் வாங்கியதற்கும் அரிசியைப் பையில் வாங்கிக்கொண்டதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

விசாக்களின் எண்ணிக்கைக்கு ஆண்டு வரம்பு உண்டு. குடும்ப உறவின் வழியாக வருவோருக்குக் குறைந்தபட்சம் 2,26,000, வேலையின் வழியாக வருவோருக்குக் குறைந்தபட்சம் 1,40,000 என்று சட்டம் ஒதுக்குகிறது. கணக்கு ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கிச் செப்டம்பர் 30-ஆம் தேதி முடிகிறது. மனுக்களின் எண்ணிக்கைக்கோ வரம்பே இல்லை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் உள்ளே வருகிற மனுக்கள் வெளியே போகிற விசாக்களைவிட அதிகமாக இருக்கின்றன, வரிசை நீள்கிறது.

"என் நண்பரோட அம்மாவுக்கு ஒன்றரை வருஷத்துல கிடைச்சுதே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

அமெரிக்கக் குடிமக்களின் கணவன் அல்லது மனைவி, 21 வயது நிறையாத மணமாகாத பிள்ளைகள், 21 வயது நிறைந்த குடிமகனின் அல்லது குடிமகளின் தாய் தந்தையர் ஆகியோருக்கு ஆண்டு வரம்பு கிடையாது. அவர்களுடைய காத்திருப்பு என்பது காகிதங்கள் மேசை மாறுவதற்கும் நேர்காணல் நாள் கிடைப்பதற்கும் ஆகும் காலம் மட்டுமே. உங்கள் நண்பரின் தாயார் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர். நீங்கள் உடன்பிறப்புப் பிரிவைச் சேர்ந்தவர். இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

"எஃப்1, எஃப்2ஏ, எஃப்4னு சொல்றாங்களே, நான் எதுல வரேன்?"

குடிமக்களின் 21 வயது நிறைந்த மணமாகாத மகன், மகள்கள் எஃப்1 பிரிவில் வருகிறார்கள். கிரீன் கார்டு மட்டுமே வைத்திருப்பவரின் கணவன், மனைவி, 21 நிறையாத மணமாகாத பிள்ளைகள் ஆகியோர் எஃப்2ஏ. அவருடைய 21 நிறைந்த மணமாகாத மகன், மகள்கள் எஃப்2பி. குடிமக்களின் மணமான மகன், மகள்கள் எஃப்3. குடிமக்களின் உடன்பிறந்தோர் எஃப்4. அதற்கு மனுப் போடுபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண்டு ஒதுக்கீடு எஃப்1-க்கும் எஃப்3-க்கும் தலா 23,400, எஃப்2 இரண்டுக்கும் சேர்த்து 1,14,200, எஃப்4-க்கு 65,000.

இந்தப் பட்டியலில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர் தம் தாய் தந்தைக்கோ, உடன்பிறந்தவருக்கோ, மணமான மகனுக்கோ மகளுக்கோ மனுப் போட முடியாது. தாத்தா, பாட்டி, அத்தை, மாமா ஆகியோருக்கு எவராலும் போட முடியாது.

"முன்னுரிமைத் தேதி எது? அப்ரூவல் தேதியா?"

இல்லை. வரிசையில் உங்கள் இடத்தைக் குறிப்பதுதான் முன்னுரிமைத் தேதி. குடும்பப் பிரிவுகளில், ஐ-130 மனு முறையாகத் தாக்கலான நாளே அது. ஐ-797 என்ற அறிவிப்புக் கடிதத்தின் மேற்பகுதியில், அதற்கென உள்ள கட்டத்தில் அது அச்சாகியிருக்கும். வேலைப் பிரிவுகளில், பெர்ம் என்கிற தொழிலாளர் சான்றளிப்பு தேவைப்பட்டால், அந்த விண்ணப்பத்தைத் தொழிலாளர் துறை பெற்றுக்கொண்ட நாள். தேவைப்படாவிட்டால், வேலைவழிக் குடியேற்றத்துக்கான ஐ-140 மனு தாக்கலான நாள்.

அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு குடும்பத்தில் அதைக் கல்யாண ஆல்பத்துக்குள் வைத்துவிட்டு, பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடியதை நேரில் பார்த்திருக்கிறேன். வழக்கு எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, இரண்டு பேருடைய மின்னஞ்சலிலாவது வைத்திருங்கள்.

"விசா புல்லட்டினை எப்படிப் பார்க்கணும்?"

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும், அடுத்த மாதத்துக்கான புல்லட்டினைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. இடப்பக்கம் பிரிவுகள், மேலே நாடுகள். இந்தியா, சீனா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றுக்குத் தனிப் பத்திகள் இருக்கும். இலங்கை, மலேசியா உள்ளிட்ட மற்ற நாடுகள் எல்லாம் முதல் பத்தியில் அடக்கம். உங்கள் பிரிவும் உங்கள் நாடும் சந்திக்கிற கட்டத்தில் ஒரு தேதி இருக்கும். உங்கள் முன்னுரிமைத் தேதி அதற்கு முந்தையதாக இருந்தால்தான் உங்கள் முறை வந்திருக்கிறது என்று பொருள். அதே தேதியாக இருந்தால் வரவில்லை. ஒரே நாள் வித்தியாசத்தில் ஏமாந்தவர்கள் உண்டு. தேதிக்குப் பதில் 'சி' என்றிருந்தால் அந்தப் பிரிவில் வரிசையே இல்லை. 'யு' என்றிருந்தால் அந்த மாதம் யாருக்கும் விசா இல்லை.

2025-ஆம் ஆண்டில் எஃப்4 பிரிவில் இந்தியாவுக்கான கட்டத்தில் நின்றது 2006-ஆம் ஆண்டின் தேதிகள். அதாவது, தம்பியின் மகள் மழலையர் பள்ளியில் இருந்தபோது அக்கா போட்ட மனுவுக்கு, அவள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு முறை வருகிறது.

"இரண்டு அட்டவணை இருக்கே. ஒண்ணுல என் தேதி வந்துடுச்சு, இன்னொண்ணுல வரலை."

2015-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இப்படித்தான் வெளியிடுகிறார்கள். முதல் அட்டவணை விசாவையோ கிரீன் கார்டையோ கையில் தருவதற்கானது. இரண்டாவது, காகிதங்களைத் தாக்கல் செய்யத் தொடங்குவதற்கானது. அதில் பொதுவாகச் சற்றுப் பிந்தைய தேதிகள் இருக்கும், அதனால் அதில் உங்கள் முறை முதலில் வரும். இந்தியாவில் இருப்பவருக்கு இரண்டாவது அட்டவணையில் தேதி வந்தால், ஆவணங்களையும் கட்டணத்தையும் கேட்டு வெளியுறவுத் துறையின் தேசிய விசா மையம் எழுதும். விசா கிடைப்பது முதல் அட்டவணையிலும் தேதி வந்த பிறகுதான். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்கிறவர்கள், எந்த அட்டவணையைப் பின்பற்ற வேண்டும் என்று குடியேற்றத் துறை ஒவ்வொரு மாதமும் தனியாக அறிவிப்பதைப் பார்க்க வேண்டும்.

"இந்தியாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? நம்ம மேல ஏதாவது கோபமா?"

கோபமெல்லாம் இல்லை. குடும்பம், வேலை ஆகிய இரண்டு ஒதுக்கீடுகளையும் சேர்த்து, எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். அது ஆண்டுக்கு 25,620 என்று வருகிறது. நூற்று நாற்பது கோடி மக்கள் உள்ள நாட்டுக்கும் சில லட்சம் பேர் உள்ள தீவுக்கும் ஒரே உச்சவரம்பு. 1965-ஆம் ஆண்டுச் சட்டம், ஐரோப்பியருக்குச் சாதகமாக இருந்த பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்துச் சமத்துவம் கொண்டுவந்தது. அந்தச் சமத்துவமே மனிதருக்கு மனிதர் என்றில்லாமல் நாட்டுக்கு நாடு என்றானதால் நமக்கு இடிக்கிறது என்பது என் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃப்4-இன் 65,000-இல் 7 விழுக்காடு 4,550. இந்த எண்ணிக்கையில் மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லோரும் தனித்தனித் தலைகளாக எண்ணப்படுகிறார்கள். நால்வர் கொண்ட குடும்பங்கள் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்கள்தான். வேலைப் பிரிவில் ஈபி-1, ஈபி-2, ஈபி-3 என்ற உட்பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் 40,040. அதில் 7 விழுக்காடு சுமார் 2,800. மற்ற நாட்டவர் பயன்படுத்தாத எண்கள் மிஞ்சினால் இந்தியருக்கு வரும்; மிஞ்சாத ஆண்டில் அவ்வளவுதான். சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருந்து போன மென்பொருள்காரர்களின் எண்ணிக்கையை நினைத்தால், 2025-ஆம் ஆண்டின் நடுவில் ஈபி-2 இந்தியத் தேதி 2013-இன் தொடக்கத்தில் நின்றது வியப்பளிக்காது.

விதிவிலக்காக, எஃப்2ஏ ஒதுக்கீட்டில் 75 விழுக்காடு இந்த நாட்டு வரம்புக்கு உட்படாது. அந்தப் பிரிவில் இந்தியத் தேதியும் பிற நாடுகளின் தேதியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

"என்கிட்ட இந்திய பாஸ்போர்ட்தான் இருக்கு, ஆனா பிறந்தது ஹட்டன்ல. நான் எந்த வரிசை?"

இலங்கை வரிசை. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது இங்கே பொருட்டல்ல. பிறந்த இடமே கணக்கு. சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்திலிருந்து குழந்தையாக வந்து நீலகிரியில் குடியமர்ந்து இந்தியக் குடியுரிமை பெற்றவர்களும், ரங்கூனில் பிறந்து 1960-களில் திரும்பியவர்களும் இந்தியப் பத்தியைப் பார்த்தே ஆண்டுக்கணக்கில் ஏங்குவதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் பார்க்க வேண்டியது முதல் பத்தி. எஃப்4 பிரிவில் இதனால் ஓராண்டு அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் மிச்சமாகும். வேலைப் பிரிவுகளில் பத்தாண்டுக்கு மேல் மிச்சமாகலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. கோயம்புத்தூரில் பிறந்து கனடாக் குடியுரிமை பெற்றவர், அந்தக் குடியுரிமையால் இந்திய வரிசையிலிருந்து விலக முடியாது.

"என் மனைவி பிறந்தது கோலாலம்பூர். அது எனக்கு உதவுமா?"

உதவும். கணவனும் மனைவியும் சேர்ந்து குடியேறும்போது, இருவரில் எவருடைய பிறந்த நாடு சாதகமோ அதன் வரிசையில் இருவரும் வரலாம். பிள்ளைகள் தாய் அல்லது தந்தையின் நாட்டைப் பயன்படுத்தலாம். ஆனால் பெற்றோர் பிள்ளையின் பிறந்த நாட்டைப் பயன்படுத்த முடியாது. இந்தச் சலுகையைக் கேட்டுப் பெற வேண்டும்; வழக்கறிஞரிடமோ நிறுவனத்திடமோ முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

"புல்லட்டின் போன வருஷம் ஆறு மாசம் நகர்ந்துச்சு. என்னுது 2012. கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்."

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நான் சொல்ல மறுப்பதும் இதைத்தான். தேதியின் நகர்வு நாள்காட்டியைப் பின்பற்றுவதில்லை. வரிசையில் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் வர விரும்புகிறார்கள், எத்தனை பேர் இறந்துவிட்டார்கள், எத்தனை பிள்ளைகள் வயது தாண்டிவிட்டார்கள் என்பதையெல்லாம் பொறுத்து அது ஓடும், ஊரும், நிற்கும்.

பின்னோக்கியும் போகும். 2022-ஆம் ஆண்டுச் செப்டம்பரில் ஈபி-2 இந்தியத் தேதி 2014 டிசம்பர் 1. அடுத்த மாதமே 2012 ஏப்ரல் 1. 2022 டிசம்பரில் 2011 அக்டோபர் 8. காரணம் கொரோனாதான்: தூதரகங்கள் மூடியிருந்ததால் பயன்படாமல் போன குடும்பப் பிரிவு எண்கள் சட்டப்படி அடுத்த ஆண்டு வேலைப் பிரிவுக்குப் போயின, 2021 கணக்கு ஆண்டில் வேலைப் பிரிவு 2,62,288 ஆகவும் 2022-இல் 2,81,507 ஆகவும் பெருகியது. அந்த வெள்ளம் வடிந்ததும் தேதி பின்வாங்கியது. உபரி ஓடிய இரண்டு ஆண்டுகளை வைத்து நகர்வைக் கணித்தவர்கள் எல்லோருடைய கணக்கும் பொய்த்தது.

இன்னும் பழைய கதை ஒன்று. 2007 ஜூலைக்கான புல்லட்டின், ஏறக்குறைய எல்லா வேலைப் பிரிவுகளையும் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஜூலை 2-ஆம் தேதி, விசா எண்களே இல்லை என்று அது மாற்றப்பட்டது. மருத்துவப் பரிசோதனைக்கும் வழக்கறிஞருக்கும் செலவு செய்திருந்த இந்தியர்கள் பலர், காந்தி வழியில் குடியேற்றத் துறைத் தலைவருக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்துகள் அனுப்பினார்கள். அவர் அவற்றைக் காயமுற்ற படைவீரர்கள் இருந்த மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டார். ஜூலை 17-ஆம் தேதி துறை இறங்கிவந்து, ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டது.

ஆகவே நான் சொல்லக்கூடியது இவ்வளவே: 2012-ஆம் ஆண்டு எஃப்4 மனு என்றால், வீடு விற்பது, வேலையை விடுவது போன்ற எந்த முடிவையும் அதை நம்பி எடுக்காதீர்கள்.

"தேதி வர்றதுக்குள்ள பொண்ணுக்கு 21 தாண்டிடும். அவ கதி?"

2002-ஆம் ஆண்டின் குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு காப்பாற்றும். முதல் அட்டவணைப்படி விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயதைப் பாருங்கள். மனு தாக்கலான நாளிலிருந்து ஒப்புதல் வந்த நாள் வரை ஆன காலத்தை அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது 21-க்குக் குறைவாக இருந்து, பிள்ளைக்கு மணமும் ஆகாமல், ஓராண்டுக்குள் விசாவுக்கான நடவடிக்கையைத் தொடங்கினால் அவள் குழந்தையாகவே கருதப்படுவாள்.

முதல் கேள்வியில் ஒப்புதலும் விசாவும் வேறு என்றேன் அல்லவா, அது இங்கேதான் வேலை செய்கிறது. மகளுக்கு 23 வயது 6 மாதம், மனு 4 ஆண்டுகள் பரிசீலனையில் கிடந்தது என்றால், சட்டத்தின் கண்ணில் அவளுக்கு 19 வயது 6 மாதம், உங்களோடு வரலாம். அதே மனு ஆறே மாதத்தில் ஒப்புதலாகியிருந்தால் அவளுக்கு 23, வர முடியாது. ஒப்புதல் தாமதமாகிறது என்று புலம்பியவர்களிடம், அந்தத் தாமதம் ஒருநாள் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று சொல்லியிருக்கிறேன், யாரும் நம்பியதில்லை. வயது தாண்டிய பிள்ளை எஃப்3, எஃப்4 மனுக்களின் பழைய தேதியைப் புதிய மனுவுக்குக் கொண்டுபோக முடியாது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு உறுதிசெய்துவிட்டது.

"அப்பா கிரீன் கார்டுல இருக்கார். அதுக்குள்ள நல்ல வரன் வந்திருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமா?"

கல்யாணம் உங்கள் விருப்பம்; விளைவைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மேலே சொன்னபடி, கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மணமான மகளுக்கு எந்தப் பிரிவும் இல்லை. மணமான நொடியில் எஃப்2பி மனு செத்துவிடும். பிறகு அப்பா குடியுரிமை பெற்றாலும், விவாகரத்தே ஆனாலும் அது உயிர்பெறாது. அப்பா குடியுரிமை பெறும்வரை பொறுத்து, அதன் பிறகு மணந்தால், மனு எஃப்3 ஆக மாறும். பழைய தேதியும் அப்படியே இருக்கும்.

கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம், பதிவு செய்யவில்லை, அது கணக்கில் வராது என்று ஒரு முகவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முறைப்படி நடந்த சமயச் சடங்குத் திருமணம் இந்தியச் சட்டப்படி திருமணம்தான். நேர்காணலில் மறைத்தால் அது பொய் உரைத்த குற்றமாகி, நிரந்தரத் தடை வரை போகும்.

"மனுப் போட்ட அண்ணன் இறந்துட்டார். எல்லாம் போச்சா?"

பொதுவாக, மனுதாரர் இறந்ததும் மனு தானாகவே ரத்தாகிறது. ஆனால் அவர் இறப்பதற்கு முன்பே ஒப்புதல் வந்திருந்தால், மனிதாபிமான அடிப்படையில் அதை மீட்கும்படி குடியேற்றத் துறையிடம் வேண்டலாம். அது அதிகாரியின் விருப்பத்துக்கு உட்பட்டது. பொருளாதாரப் பொறுப்பேற்க நெருங்கிய உறவினர் வேறொருவரும் வேண்டும். அண்ணன் இறந்தபோது பயனாளிகளில் ஒருவராவது அமெரிக்காவில் வசித்திருந்தால் சட்டம் இன்னும் தாராளமாக இருக்கிறது. அப்போது வழக்கறிஞரைப் பார்ப்பது செலவுக்கு ஏற்ற பலன் தரும்.

"எச்-1பி வேலை விசாவில இருக்கேன். கம்பெனி மாறினா மறுபடியும் வரிசைக் கடைசிக்குப் போகணுமா?"

வேண்டியதில்லை. ஐ-140 ஒப்புதலாகிவிட்டால், மோசடி போன்ற காரணங்களால் அது ரத்தாகாதவரை, முன்னுரிமைத் தேதி உங்களுடையது. புதிய நிறுவனம் பெர்மையும் ஐ-140-ஐயும் மறுபடி செய்ய வேண்டும், தேதி பழையதே. கூடுதல் கட்டணம் கட்டி ஐ-140-ஐ விரைவுபடுத்தலாம். அது பரிசீலனையை மட்டுமே விரைவாக்கும், வரிசையை அல்ல.

"காசு கொடுத்தா சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரே? லாட்டரியும் இருக்காமே?"

முடியாது. தேதியை நகர்த்தும் அதிகாரம் தூதரக அதிகாரிக்கே இல்லை. இடைத்தரகருக்கு எங்கிருந்து வரும்? பன்முகத்தன்மை விசாக் குலுக்கல் உண்மையானது. ஆனால் அமெரிக்காவுக்கு அதிகம் பேரை அனுப்பும் நாடு என்பதால் இந்தியாவில் பிறந்தவர்களுக்குத் தகுதி இல்லை. இலங்கையில் பிறந்தவர்கள் கலந்துகொண்டு வந்திருக்கிறார்கள். மேலே வந்த ஹட்டன்காரருக்கும் இது பொருந்தும்.

"வரிசையில இருக்கும்போது டூரிஸ்ட் விசா கேட்கலாமா?"

கேட்கலாம், தடை இல்லை. ஆனால் உங்கள் பெயரில் குடியேற்ற மனு உண்டா என்று டிஎஸ்-160 படிவம் கேட்கும். உண்டு என்றே எழுதுங்கள். அவர்களுடைய கணினியில் அது ஏற்கெனவே இருக்கிறது. திரும்பி வருவீர்கள் என்று அதிகாரியை நம்பவைக்கும் பொறுப்பு உங்களுடையது. சென்னையில் அந்த நேர்காணலுக்கு நாள் கிடைக்க ஆகும் காத்திருப்பு தனி. புல்லட்டினுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

"தேதி வந்துடுச்சு! இப்ப என்ன?"

தேசிய விசா மையத்திலிருந்து வரும் கடிதத்துக்கு ஓராண்டுக்குள் பதில் நடவடிக்கை எடுங்கள். எடுக்காவிட்டால் பதிவையே ரத்து செய்ய இடமுண்டு. இருபது ஆண்டுக்கு முந்தைய முகவரிக்கோ செயலிழந்த மின்னஞ்சலுக்கோ கடிதம் போய்விடாமல், முகவரி மாறும்போதெல்லாம் தெரிவித்திருக்க வேண்டும். கட்டணம், டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவம், மனுதாரரின் ஐ-864 பொருளாதாரப் பொறுப்புறுதி, போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை எனப் படிகள் வரும். இந்தியாவில் குடியேற்ற விசா நேர்காணல் வழக்கமாக மும்பையில் நடக்கிறது. சென்னைத் தூதரகத்துக்கு அலைய வேண்டாம்.

நம் ஊர்க்காரர்கள் இடறுவது பிறப்புச் சான்றிதழில்தான். பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இருக்காது, 'ஆண்' என்று மட்டும் இருக்கும். அல்லது பள்ளிச் சான்றிதழில் 'மு. செல்வராஜ்', பாஸ்போர்ட்டில் 'செல்வராஜ் முத்துசாமி', பிறப்புப் பதிவேட்டில் 'ராசு' என்று மூன்று ஆட்கள் நிற்பார்கள். பதிவே இல்லாவிட்டால், இல்லை என்பதற்கான சான்றிதழை உள்ளாட்சி அலுவலகத்தில் வாங்க வேண்டும். அதோடு, பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினரின் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். பெயர் சேர்ப்பதையும், அந்தப் பத்திரத்தில் உங்கள் பெரியம்மாவின் கையெழுத்தை வாங்குவதையும் தேதி வரும்வரை தள்ளிப்போடாமல், அவர் நலமாக இருக்கிற இந்த வருடமே முடித்துவிடுங்கள்.